கரும்பச்சை வாசம்

கொடியில் காய்ந்த துணியில் அந்த வாசம் இருந்தது.

பீஜித் தீவின் வோட்டுவாலேவுவில் டிசம்பர் மாதத்து வெயில், கம்பியைத் தொட்டால் விரல் பொசுங்குகிற வெயில். காலையில் அலசிப் போட்ட சட்டைகள் பத்து மணிக்கெல்லாம் அப்பளம் போல விறைத்துவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே வந்த லீலாவதி, கணவனின் காக்கிச் சட்டையை எடுத்தபோது நின்றுவிட்டாள். சோப்பு வாசம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. வெயிலே எட்டிப் பார்க்காத இடத்தில் நின்று நின்று நனைந்த மரத்தின் வாசம். பட்டைக்கு அடியில் கையை விட்டால் ஒட்டிக்கொள்ளும் ஈரம், கசக்கிய பெரணி இலை, பாசி, அதற்கெல்லாம் கீழே குங்கிலியம் போலக் கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் கசப்புமாக ஒரு பிசின். அந்த வாசத்துக்கு ஒரு நிறம் சொல்லச் சொன்னால், கறுப்பில் போய் முடிகிற பச்சை என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.

சட்டையை முகத்திலிருந்து விலக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் வெட்டி முடித்த கரும்பு வயல், காய்ந்த சோகை, அதற்கப்பால் விமான நிலையத்தின் கம்பிவேலி. கண்ணுக்கெட்டிய வரை ஈரமான மரம் ஒன்று கிடையாது.

அப்போதுதான் அந்த விமானம் தலைக்கு மேலே வந்தது. அதன் வெள்ளை வயிற்றையும், இறங்குவதற்காக நீட்டிய சக்கரங்களையும் அவள் அண்ணாந்து பார்த்தாள். அதன் நிழல் கொடித் துணிகள் மேல் ஓடி, அவள் மேல் ஓடி, வயலுக்குள் போயிற்று. சமையலறைப் பாத்திரங்கள் எல்லாம் அதிர்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. விமானம் எந்தச் சத்தமும் போடாமல் இறங்கிப் போனது.

அவள் சட்டையைக் கீழே போட்டாள். போட்டதும் எல்லாச் சத்தமும் ஒன்றாகத் திரும்பி வந்தது. நாய், வானொலி, தெருவில் ஏதோ ஒரு லாரி.

அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கு விமானம். அவள், கணவன் பிஜேந்திரா, பதினைந்து வயது மகள் ஷாயல், மூன்று பேரும் ஆக்லாந்துக்குப் போகிறார்கள். அங்கே பிஜேந்திராவின் தங்கை இருக்கிறாள். இரண்டாயிரமாவது வருடம் மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கிகளோடு சிலர் பாராளுமன்றத்துக்குள் போனதிலிருந்து, யாரைப் பார்த்தாலும் வெளிநாடு போகப் பேப்பர் வந்துவிட்டதா என்பதுதான் பேச்சு. இவர்களுக்கு வந்துவிட்டது. ஊர் ட்ரெகேட்டி, வனுவாலேவு தீவில், நெல் விளைகிற பூமி. ஜூலையில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம் அந்தப் பக்கமும் பரவியபோது ஒரே ஒரு மூட்டையோடு கிளம்பி, லம்பாசாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் படுத்துக் கிடந்து, கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். பிஜேந்திராவின் பழைய சிநேகிதன் யோகேந்திரா தன் வீட்டின் பின்பகுதியை விட்டுக்கொடுத்தான். இந்த ஐந்து மாதத்தில் லீலாவதி பழகிய வாசங்கள் மூன்று: கரிந்த கரும்பு, புழுதி, விமான நிலையத்து எண்ணெய். மரத்தின் வாசம் அந்தப் பட்டியலில் இல்லை.

அது எந்த மரத்தின் வாசம் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது போலத் துணிகளை மறுபடி சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

இரவுச் சோற்றில் அந்த வாசம் வந்தது. பானையின் மூடியைத் திறந்ததும் ஆவியோடு எழுந்து அவள் முகத்தை நனைத்தது.

"இந்தச் சோத்தை மோந்து பாருங்க," என்றாள்.

பிஜேந்திரா குனிந்து மோந்தான். "இன்னா? சோறு வாசம்தான் வருது."

"மரத்து வாசம் வரலை?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு கணம் அவன் கண்ணில் ஏதோ வந்து போனது. "பெட்டி கட்டிக் கட்டி உனக்கு அசதி, லீலா. சாப்டு, படு," என்று தட்டை இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான்.

---

லீலாவதிக்கு ஒரு தம்பி இருந்தான். சிவன். அவளைவிட ஆறு வயது சின்னவன். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவன் காதுகளைக் கொண்டுபோயிற்று; காது போனதால் பேச்சும் வரவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அவன் அக்காவோடுதான் இருந்தான். நிலத்துக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் காடு. அங்கே வேலிக் கம்பங்களுக்கு மரம் வெட்டுவது அவன் தொழில். காட்டின் நடுவில் ஒரு பெரிய தாகுவா மரம் இருந்தது. மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம், அடிமரத்தில் பிசின் வழிந்து வழிந்து கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். அதன் வேர்களுக்கிடையில் உட்கார்ந்துதான் அவன் மதியச் சோறு சாப்பிடுவான். சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்தால் காடும் கூடவே வரும். சட்டை, தலைமயிர், விரல் இடுக்கு, எல்லாவற்றிலும் அந்தக் கரும்பச்சை வாசம். குளித்தாலும் போகாது. கல்யாணமாகி வந்த புதிதில் பிஜேந்திரா மூக்கைச் சுளித்தபோது, "அது நல்ல வாசம்," என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். உண்மையிலேயே அவளுக்குப் பிடிக்கும். தம்பியின் சட்டையைத் துவைக்கப் போடும் முன் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை மோந்துகொள்வாள்.

அவனைக் கூப்பிட முடியாது. போய்த்தான் கூட்டிவர வேண்டும். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுவிடுவான் என்பதால் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்க வேண்டும். ஓடையிலிருந்து அந்த மரத்துக்குப் பத்து நிமிட நடை. இருபது வருடமாக, மழையோ வெயிலோ, தினமும் மதியம் சோற்றுத் தூக்கோடு அவள் அந்தப் பத்து நிமிடத்தை நடந்திருக்கிறாள்.

வீட்டில் அவர்களுக்கென்று ஒரு கைப்பாஷை இருந்தது. மூக்குத்தியைத் தொட்டால் அக்கா. காதோரம் பின்னலை முறுக்குவது போலச் செய்தால் ஷாயல். ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொன்றை வைத்து அசையாமல் இருந்தால், காத்திரு. ஷாயலுக்குத் தமிழ் அரைகுறை. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் இந்திதான். ஆனால் மாமாவின் கைப்பாஷையை அவள் அம்மாவைவிட வேகமாகப் பேசுவாள். இருவரும் வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

---

செவ்வாய்க்கிழமை மதியம் மோகினி வந்தாள். ட்ரெகேட்டியில் அடுத்த நிலத்துக்காரி. இப்போது லௌடோகாவில் மகனோடு இருக்கிறாள். வழியனுப்பவென்று பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு பை மாம்பழம்.

"நல்லபடியாப் போய்ச் சேருங்க. அங்க குளிராம், ஸ்வெட்டர் வாங்கினியா?" என்றாள். நிலத்தைப் பற்றி, குத்தகை முடிந்ததைப் பற்றி, யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதைப் பற்றிப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சிவனைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா, லீலா?"

"இல்லக்கா. அன்னிக்குக் கூப்பிட்டேன், வரலை."

இந்த ஐந்து மாதத்தில் அவள் அந்த வார்த்தைகளை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். ஆற்றுக் கல் போல அவை வழவழப்பாகிவிட்டன. நாக்கில் இடறாது. கேட்பவர்களும் உச்சுக் கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். மோகினியும் உச்சுக் கொட்டினாள். டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள். கோப்பை பாதி வழியில் நின்றது.

"கூப்பிட்டியா?"

லீலாவதி மாம்பழங்களைப் பார்த்தாள்.

"அவனையா கூப்பிட்டே?"

மோகினி கோப்பையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பை நீவிக்கொண்டாள். "போன மாசம் லம்பாசா போயிருந்தப்ப மார்க்கெட்டுல சேமியைப் பார்த்தேன்," என்றாள். சேமி, ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். சிவனோடு சேர்ந்து மரம் வெட்டிய பூர்வகுடி பீஜியர். "நாம போனப்புறம் அவரு காடு முழுக்கத் தேடினாராம். எங்க ஆளுங்க பண்ண காரியத்துக்கு அவன் பயந்துட்டான், என்னைப் பார்த்தாலும் உள்ளே உள்ளே போயிட்டான்னு சொல்லி அழுதாரு. தினம் சாயங்காலம் வேகவெச்ச கிழங்கு ஒரு தட்டுல கொண்டுபோய் அந்தப் பெரிய மரத்தடியில வெப்பாராம். காலையில தட்டு காலியாம். பத்தொம்போது நாள். இருபதாம் நாள்லேருந்து தட்டு வெச்சது வெச்சபடியாம்."

"பன்னி தின்னிருக்கும்க்கா."

"பன்னி தட்டைக் கழுவிக் கவுத்து வெக்குமா?"

வெளியே யோகேந்திராவின் மனைவி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்குவது போல அமுங்கியது. வாசம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. மோகினியின் உதடுகளைப் பார்த்துத்தான் அடுத்ததை அவள் தெரிந்துகொண்டாள்.

"அக்காவைப் பார்த்தா வந்துடுவான், யாராச்சும் லீலாவை அனுப்புங்கன்னு பஸ் டிரைவர் கிட்ட சொல்லி விட்டாராம். உனக்கு வந்து சேரலையா?"

"இல்லையே," என்றாள் லீலாவதி. தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த ஆறாம் நாள், சன்னல் கம்பிக்கு வெளியே நின்று அந்த டிரைவர் ஒன்று விடாமல் சொன்னான். மறுநாள் கப்பல். அதற்கு ஒரு மாதம் முன்பு, பேப்பர் எழுதித் தந்த ஏஜெண்டு, "செவிட்டுத் தம்பியைச் சேர்த்தா உங்க எல்லாரோட பேப்பரும் நின்னுடும்," என்றபோது, சிவன் பெயரை அவள் கையாலேயே அடித்திருந்தாள். பிஜேந்திரா பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவரிடம் அவள், "சரி, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடறேன்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

மோகினி கிளம்பும்போது அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. வாசலில் செருப்பை மாட்டியபடி, "என்னமோ மரத்து வாசம் வருது உன் வீட்டுல," என்றாள்.

---

புதன்கிழமை மழை பிடித்தது. மதியமே வானம் கவிழ்ந்துகொண்டது. மின்சாரம் போனது. சன்னல் வழியே வந்த வெளிச்சம் பச்சையாக இருந்தது. கூரைக்கும் மழைக்கும் நடுவில் எங்கோ இலைகள் அடர்ந்துவிட்ட மாதிரி. லீலாவதி பெட்டிகளை மூன்றாவது முறையாகப் பிரித்துக் கொட்டினாள். புடவைகளை மோந்தாள். ஷாயலின் பள்ளிப் புத்தகங்களை மோந்தாள். சாமி படத்தைச் சுற்றியிருந்த துண்டை மோந்தாள். எல்லாவற்றிலும் இருந்தது, எதிலிருந்தும் வரவில்லை. பாசியும் பிசினுமாக, சற்று முன் உடைந்த ஒரு கிளையின் காரத்தோடு, வேர்வையும் கலந்து வந்தது. காட்டுக்கு வேர்வை கிடையாது. அது ஓர் ஆளின் சட்டை.

இத்தனைக்கும் அது நல்ல வாசமாகவே இருந்தது. அழுகல் இல்லை, பிண வாடை இல்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சு குளிர்ந்தது. தன்னையறியாமல் அவள் ஆழமாக இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். கண்ணில் நீர் வந்தது. அந்த நாள் முழுதாக வந்தது.

லாரி ரோட்டில் நிற்கிறது. தூரத்தில் யாருடைய வீடோ எரிகிற புகை. ஆறு குடும்பங்கள் ஏறியாகிவிட்டது. ஷாயல் தார்ப்பாய்க்கு அடியில் மற்றப் பெண் பிள்ளைகளோடு. "சிவன் எங்கே?" என்கிறான் பிஜேந்திரா. "காட்டுல. நான் கூட்டிட்டு வரேன்," என்று அவள் ஓடுகிறாள். நெல் வயலின் வரப்பில் ஓடி, ஓடைக் கரையில் வந்து நிற்கிறாள். எதிரே காடு. கரையைத் தாண்டி வரும் அதன் வாசம். பத்து நிமிடம் போக, பத்து நிமிடம் வர. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவள் கால் தண்ணீரில் பட்டது. தண்ணீர் சில்லென்று இருந்தது. அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, காது கேட்காத தம்பியை அவள் கூப்பிட்டாள். "சிவா!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். ஒரு முறை அல்ல, தொண்டை கட்டும் வரை. எதற்காகக் கத்துகிறோம் என்பது கத்தும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அது பொய்யாக இருக்கக்கூடாது.

"கூப்பிட்டேன், வரலை."

பிஜேந்திரா அவளைப் பார்த்தான். பிறகு கையைக் கொடுத்து லாரியில் தூக்கிவிட்டான். எப்படிக் கூப்பிட்டாய் என்று அவன் அன்றும் கேட்கவில்லை, இன்று வரையிலும் கேட்கவில்லை. ஷாயல்தான் தார்ப்பாயை விலக்கி, "மாமா கஹான்?" என்று கேட்டாள். "காடு முழுக்கத் தேடினேம்மா. கிடைக்கலை," என்றாள் லீலாவதி. அது மட்டும் முழுப் பொய்.

மழைச் சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். சன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கூரையிலிருந்து கயிறு கயிறாக விழுந்தது. தகரத்தில் விழும் மழை, ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. அவள் கையைத் தட்டினாள். இல்லை. பெட்டியின் மேல் குத்தினாள். கை வலித்தது. சத்தம் இல்லை. இப்படித்தான் அவனுக்கு இருந்திருக்கும் என்று தோன்றியது. முப்பத்து மூன்று வருடம். துப்பாக்கி வெடித்திருக்கும், வீடு எரிந்திருக்கும், லாரி போயிருக்கும். அவன் கிளையைத் தறித்துக்கொண்டிருந்திருப்பான். பிறகு சோற்றுக்காக அந்த வேரில் வந்து உட்கார்ந்திருப்பான், அக்கா வரும் வழியைப் பார்த்தபடி.

அடுத்த அறையில் ஷாயல் இருந்தாள். லீலாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். பிள்ளை கட்டிலில் சம்மணமிட்டு, வாசலுக்கு முதுகு காட்டி, மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் அசைந்தன. முழங்கைகள் அசைந்தன. சுற்றிக்கொண்டு முன்னால் போனபோதுதான் விரல்கள் தெரிந்தன. பேசிக்கொண்டிருந்தாள்.

லீலாவதி அவள் கைகளைப் பிடித்தாள். உடனே மழைச் சத்தம் இரைந்துகொண்டு உள்ளே வந்தது.

"யார்கிட்ட பேசறே?"

"குச் நஹி, மம்மி. ஒண்ணுமில்ல." ஷாயலின் முகம் சாதாரணமாக இருந்தது. "மாமாவோட பாஷை. அங்க போனா மறந்துடும். சும்மா பண்ணிப் பார்க்கறேன்."

அவள் கைகள் ஈரமாக இருந்தன. உள்ளங்கையில் ஏதோ ஒட்டியது. லீலாவதி தன் விரலைப் பிரித்துப் பார்த்தாள். பிசின்.

சாயங்காலம் பிஜேந்திரா வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். டிரைவர் வந்து சொன்னதை. ஓடையில் நின்றதை. "ஏங்க, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினாள்.

"வேணாம், லீலா," என்றான் அவன். முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தான். "நாளைக்கு ஏறிட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

---

வியாழக்கிழமை வெயில் மறுபடி அடித்தது. நான்கு மணிக்கு யோகேந்திரா தன் வேனை வாசலுக்குக் கொண்டுவந்தான். பெட்டிகள் ஏறின. பிஜேந்திரா முன்னால் உட்கார்ந்தான். லீலாவதி பின்சீட்டில் இந்தச் சன்னல் ஓரம், ஷாயல் அந்தச் சன்னல் ஓரம், நடுவில் ஒரு கைப்பை. அக்கம்பக்கத்தார் கையாட்டினார்கள். வேன் கிளம்பியது. காலையிலிருந்து அந்த வாசம் வரவில்லை. சோப்பு, பவுடர், புதுப் பெட்டியின் ரப்பர் வாடை, இவைதான். அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக இரண்டு தோள்களும் இறங்கின.

"பாஸ்போர்ட்டை எடுத்துக்கினியா, பிஜேந்திரா?" என்று யோகேந்திரா கேட்டான்.

"லீலாவோட பையில."

விமான நிலையத்துச் சாலைக்கு வேன் திரும்பியபோது ஷாயல் நடுவில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சன்னலோடு நெருங்கி உட்கார்ந்தாள். யாருக்கோ இடம் விடுவது போல.

வாசம் வந்தது.

வரவில்லை, ஏறி உட்கார்ந்தது. வெயிலில் வெந்த அந்த வேனுக்குள், தோளுக்குத் தோள் இடிக்கும் தூரத்தில், நனைந்த மரம், பாசி, பிசின், வேர்வை. லீலாவதி சன்னல் கண்ணாடியை இறக்கினாள். காற்று அடித்தது. வாசம் அசையவில்லை. என்ஜின் சத்தம் நின்றது. சக்கரச் சத்தம் நின்றது. முன்சீட்டில் யோகேந்திரா எதற்கோ சிரித்தான். பல் தெரிந்தது, குரல் வரவில்லை.

நடுச்சீட்டைப் பார்க்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. சிவப்பு ரெக்சின். அது நடுவில் அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவள் புடவை ஓரம் வரை வந்தது. சில்லென்று இருந்தது.

"நிறுத்துங்க," என்றாள். யாரும் திரும்பவில்லை. "வண்டியை நிறுத்துங்க!" தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான். பிஜேந்திராவின் பின்கழுத்து அப்படியே இருந்தது. கையை நீட்டி அவன் தோளைத் தொடலாம். நீட்டினால் நடுவில் இருப்பதைத் தாண்ட வேண்டும். கை எழவில்லை.

ஷாயல் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்து அல்ல. காலியிடத்தைப் பார்த்து, தன்னைவிட ஒரு பிடி உயரத்தில் இருக்கும் முகத்தைப் பார்ப்பது போல நிமிர்ந்து. அவள் விரல்கள் பேசின. லீலாவதி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

நீ. எங்கே. இருந்தே.

பதிலுக்குக் காத்திருந்தாள். தலையாட்டினாள்.

மரம்.

உள்ளங்கையின் மேல் உள்ளங்கை. அசையாமல். காத்திருந்தாயா?

மறுபடி தலையாட்டல். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. விரல்களை விரித்து மூடினாள். எத்தனை நாள்?

ஷாயல் எதிரே நடப்பதைப் பார்த்துப் பார்த்து, தானும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பத்து. இன்னொரு பத்து. அதோடு நிற்க வேண்டும். அதற்கு முன்பே, பத்தொன்பதில் நின்றிருக்க வேண்டும். இன்னொரு பத்து. இன்னொன்று. விரல்கள் விரிந்து மூடின. விரிந்து மூடின. வேனுக்கு வெளியே விமான நிலையத்துக் கொடிக்கம்பங்கள் வந்தன. எண்ணுவது நிற்கவில்லை. ஆகஸ்ட் போனது. செப்டம்பர். அக்டோபர். நேற்று வரை. இன்று வரை.

நின்றது.

ஷாயல் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு விரலைத் தூக்கித் தன் மூக்கின் பக்கம் தொட்டாள். அக்கா.

பிறகு நடப்பது போல இரண்டு விரல். வந்தாளா? தேடினாளா?

அவள் கண்கள் காலியிடத்தில் எதையோ படித்தன. வெகுநேரம் படித்தன. இடமிருந்து வலமாக, மேலும் கீழுமாக, ஒருவன் இரு கைகளாலும் நீளமாகச் சொல்லும் ஒன்றைப் படிப்பது போல. லீலாவதி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கைகளைத் தூக்கினாள். என்ன சொல்வது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் பேசிய பாஷையில், கூப்பிட்டேன் என்பதற்கு ஒரு சைகை கிடையாது. அவர்களுக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

வேன் நின்றது. பிஜேந்திரா இறங்கினான். பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கினான். யோகேந்திரா தள்ளுவண்டி தேடிப் போனான். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஷாயலின் விரல்கள் மடியில் விழுந்தன.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. நெடுநேரம் ஒரே வழியைப் பார்த்திருந்தவனின் பார்வை அது. பதினைந்து வயது முகத்தில் இருந்தது. ஏதோ கேட்பதற்காக வாயைத் திறந்தாள்.

லீலாவதிக்குக் கேட்கவில்லை. மகளின் திறந்த வாய்க்குள், பல்லுக்கும் நாக்குக்கும் அப்பால், இருட்டு பச்சையாக இருந்தது. அங்கிருந்து, வெதுவெதுப்பான மூச்சோடு, அந்த வாசம் வந்துகொண்டிருந்தது.